அளவுக்காக வைத்த ஆள்

பேயில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இப்போதும் கிடையாது என்றுதான் சொல்வேன். நடுவில் ஒரே ஒரு நாளை மட்டும் தள்ளி வைத்துவிட்டுச் சொல்கிறேன், அந்த நாளைப் பற்றித்தான் இது. எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படம் ஒன்றுதான் உண்டு, மந்திரித்த கயிறு, தாயத்து, எலுமிச்சம்பழம் எதுவும் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. யாராவது ஆவி கதை எடுத்தால் அப்பா சிரிப்பார். "பேய்ன்னு ஒண்ணு இருந்திருந்தா ஷாஃப்ட்ல இறங்கின எங்களுக்குத்தாம்மா முதல்ல தெரிஞ்சிருக்கும்" என்பார். சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் ஷிப்ட் பார்த்த மனிதர் சொன்னால் அதற்கு மேல் என்ன இருக்கிறது? போதாததற்கு நான் பிழைப்பதே பேய் வீடு வரைந்துதான். இருட்டை எங்கே வைத்தால் பார்க்கிறவனுக்கு முதுகு சில்லிடும் என்று தெரிந்தவளுக்குப் பயம் எங்கிருந்து வரும்? நீங்கள் நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறையில்லை. நானே பாதி நாள் நம்புவதில்லை.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனிமேல் சொல்லப்போவது புரியாது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் காடு, கோட்டை, பாழடைந்த நகரம் எல்லாம் வருகிறதல்லவா, அவற்றைக் கட்டுவதற்கு முன்னால் அந்த இடம் எப்படி இருக்கும் என்று ஒருத்தர் வரைந்து கொடுக்க வேண்டும். அந்த ஒருத்தி நான். இல்லாத ஊருக்கு வழி சொல்கிற வேலை என்று என் தம்பி கிண்டல் செய்வான். கம்பெனி பெங்களூரில். முன்பெல்லாம் விடியற்காலை ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன். அம்மா போன பிறகு அப்பாவைத் தனியாக விட முடியாமல், ஸ்கெலட்டன் என்கிற தங்கச் சுரங்கக் காலனியில் எங்கள் லைன் வீட்டிலேயே முன்னறைக்குப் பக்கத்து அறையில் மேசை போட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன்.

வேலை தொடங்குவதற்கு முன்னால் தினமும் கை சூடேற ஒரு பயிற்சி உண்டு. ஒன்பதரை மணிக்கு எங்கள் குழுவில் யாராவது ஒரு தலைப்புப் போடுவார்கள். அதற்கு அரை மணி நேரத்தில், எந்தப் போட்டோவையும் பார்க்காமல், மனதிலிருந்தே ஓர் இடத்தை வரைந்து முடித்துக் குழுவில் போட வேண்டும். வேகம்தான் அதில் முக்கியம். கம்ப்யூட்டரிலேயே பெரிய பிரஷ்ஷை வைத்துச் சாம்பல் நிறத்தில் கண்டபடி இழுத்து, அந்தக் கறைகளுக்குள் மலை தெரிகிறதா சுவர் தெரிகிறதா என்று தேடிப் பிடிப்போம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகப் புரட்டிப் பார்ப்போம். ஒரே பக்கமாகப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன கண்ணுக்குக் கோணல் தெரியாது, புரட்டினால் பளிச்சென்று தெரிந்துவிடும். கடைசியில் அளவு தெரிவதற்காக ஒரு குட்டி மனிதனை வைப்போம். ஆள் இவ்வளவு சிறியது என்றால் சுவர் எவ்வளவு பெரியது என்று பார்க்கிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். அவனுக்கு முகம் கிடையாது, நாலைந்து தீற்றல்தான்.

அன்றைக்குத் தலைப்பு, 'எல்லோரும் விட்டுப் போன கிரகம்'. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி, காலையில் இன்சுலின் ஊசி தானே போட்டுக்கொள்வார். போட்ட அரை மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். இட்லி ஹாட்பாக்ஸில் இருந்தது. ஆனால் அம்மா போன பிறகு அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதே இல்லை, நான் எதிரில் இருக்க வேண்டும். வழக்கமாக நான் தட்டு எடுத்து வைத்த பிறகுதான் ஊசி போடுவார். அன்றைக்கு எனக்குத் தெரியாமல் முன்னாலேயே போட்டுக்கொண்டுவிட்டார். நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு படத்தில் மூழ்கியிருந்தேன். கடைசிப் பத்து நிமிஷம், அளவுக்கான ஆளை எங்கே வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவர் கதவருகில் வந்து நின்று ஏதோ கேட்டார். நான் திரும்பவில்லை. இடது கையைத் தூக்கிக் காட்டி, "போய் உக்காருப்பா, வரேன்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். தினமும் சொல்வதுதான்.

படத்தை முடித்து அவசர அவசரமாகக் குழுவில் போட்டுவிட்டுப் பத்து மணி ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டேன். நடுவில் என்னோடு வேலை பார்க்கும் நவ்யா ஒரு செய்தி அனுப்பினாள், படம் பிரமாதம், ஆனால் அளவுக்கு வைத்த ஆள் ஏன் உட்கார்ந்திருக்கிறான், உட்கார்ந்தவனை வைத்து எப்படி உயரம் கணக்கிடுவது என்று. அவள் கேட்டது நியாயம்தான். பத்து வருஷ அனுபவத்தில் நான் உட்கார்ந்த ஆளை வைத்ததே இல்லை. ஏதோ அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். பத்தரைக்கு வெளியே வந்தால் ஹாட்பாக்ஸ் மூடியபடி இருக்கிறது, குப்பையில் இன்சுலின் ஊசி கிடக்கிறது, அப்பாவின் போன் சார்ஜில் இருக்கிறது, அப்பாவைக் காணோம்.

ஊசி உள்ளே போயிருக்கிறது, சாப்பாடு போகவில்லை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் போனால் மயக்கம் வரும், அதையும் தாண்டினால் என்ன ஆகும் என்று டாக்டர் ஏற்கெனவே எங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார். ஒரு பாட்டில் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிக் குலுக்கி எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டு டேவிட் அண்ணன் அப்போதுதான் ஸ்கூல் பிள்ளைகளை விட்டுவிட்டு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

"இன்னா தங்கச்சி, ஏன் இப்பிடி ஓடியாற?"

"அப்பா இல்லண்ணா. ஊசி போட்டுகினு சாப்பிடாம எங்கயோ போயிட்டாரு."

"ஐயையோ. ஏறு, ஏறு."

டீக்கடை, பார்க், பென்ஷன் பேங்க், அவருடைய பழைய ஷிப்ட் கூட்டாளிகள் இரண்டு பேர் வீடு, ரயில்வே ஸ்டேஷன் என்று எல்லா இடமும் சுற்றினோம். யாரும் பார்க்கவில்லை. முட்டி வலிக்காரர், முனைக்கடைக்குப் போய் வந்தாலே நடுவில் ஒரு தரம் உட்காருவார், அப்படிப்பட்டவர் எவ்வளவு தூரம்தான் போயிருப்பார்? பன்னிரண்டு ஆகும்போது, ஒருவேளை வீட்டுக்கே திரும்பியிருப்பாரோ என்று வந்து பார்த்தோம். இல்லை. நான் சமையலறையில் நின்று அழுதேன். டேவிட் அண்ணன், போலீஸுக்குக் கொடுக்க அப்பாவின் போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே என் அறைக்குள் எட்டிப் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார். கம்ப்யூட்டர் திரையில் காலையில் வரைந்த படம் அப்படியே திறந்திருந்தது.

"பாலகாட் மைன் பக்கம் எப்போ போன நீ?" என்று கேட்டார்.

"நான் எங்கண்ணா போனேன்?"

"இது அங்க கீற பழைய தண்ணித்தொட்டிதானே? சயனைட் மேடு, உடைஞ்ச படிக்கட்டு, எல்லாம் அப்பிடியே கீது. போட்டோவா இது?"

சுரங்கத்தில் தங்கம் எடுத்த பிறகு மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போனதைத்தான் சயனைட் மேடு என்போம், அது ஊர் முழுக்க இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு தொட்டியை நான் பார்த்ததே இல்லை. என் பிள்ளைப்பருவத்தில் அந்தப் பக்கம் வேலி போட்டுக் காவல் இருந்தது. வளர்ந்த பிறகு அங்கே போக எனக்கு என்ன வேலை? நான் வரைந்தது கிரகம். சாம்பல் கறைக்குள் எதேச்சையாகத் தெரிந்த ஒரு சுவர், அதன் அடியில் எதேச்சையாக உட்கார்ந்த ஓர் ஆள். அந்த ஆளைத் திரையில் உற்றுப் பார்த்தேன். முகமில்லாத நாலைந்து தீற்றல்தான். ஆனால் அப்பா அப்படித்தான் உட்காருவார், ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி.

"அங்க போலாம்ணா" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!

ஆட்டோவில் போகும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. பெற்ற அப்பன் சாகக் கிடக்கலாம், மகள் படத்தை நம்பிப் போகிறாளாம். போய் இறங்கினோம். மேட்டுக்கு இந்தப் பக்கம் தொட்டி இருந்தது. இடதுபக்கம் உடைந்த படிக்கட்டு, படத்தில் இருந்த அதே உடைசலோடு. சுவரின் அடியில் யாரும் இல்லை. சுற்றி வந்தேன், தொட்டிக்குள் ஏறிப் பார்த்தேன், "அப்பா, அப்பா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு ஆடு திரும்பிப் பார்த்தது. கால் மணி நேரம் அங்கேயே வீணாகப் போனது. அதற்குப் பிறகுதான் போனில் இருந்த படத்தையும் தொட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். படத்தில் சுவருக்கு வலதுபக்கம் ஒரு மொட்டை மரம் இருக்கிறது. இங்கே மரமே இல்லை.

"மரம் எங்கண்ணா?"

அவர் போனை வாங்கிப் பார்த்தார். "மரம் மேட்டுக்கு அந்தாண்ட கீற தொட்டிகிட்ட கீது. இதே மாரி இன்னொண்ணு கட்டிக்கிறான் வெள்ளைக்காரன். ஆனா அதுல படிக்கட்டு சோத்தாங்கை பக்கம் வரும், மரம் பீச்சாங்கை பக்கம். இதுல மாறிக் கீதே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாறித்தான் இருக்கும். நான்தான் மாற்றினேன். கடைசி நிமிஷத்தில் கோணல் பார்க்கப் படத்தைப் புரட்டியவள், திரும்ப நேராக்காமல் அவசரத்தில் அப்படியே குழுவில் போட்டிருக்கிறேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான், யாரும் அதைத் தப்பென்றே நினைப்பதில்லை. இல்லாத ஊருக்கு இடம் ஏது, வலம் ஏது? போனிலேயே படத்தைப் புரட்டி டேவிட் அண்ணன் முன்னால் நீட்டினேன். அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

மேட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனோம். வலதுபக்கம் படிக்கட்டு. இடதுபக்கம் மரம். நடுவில் சுவரில் சாய்ந்து அப்பா. ஒரு கால் நீட்டி, ஒரு கால் மடங்கி, தலை தொங்கி. மடியில் அவருடைய சிவப்பு மப்ளர் சுருண்டு கிடந்தது. நான் படத்தில் பார்வையை இழுப்பதற்காகக் கடைசியாக ஒரே ஒரு பொட்டு நிறம் வைத்தேன், அந்த ஆளின் மடியில், சிவப்பு. இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அப்பாவைக் கண்டதும் நான் ஓடிப்போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, படத்தில் இருப்பதெல்லாம் இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் இருந்தது. டேவிட் அண்ணன்தான், "தண்ணியக் குடு, தண்ணியக் குடு" என்று அலறி என்னை உலுக்கினார்.

சட்டை தெப்பமாக நனைந்திருந்தது, உடம்பு சில்லென்று இருந்தது, கண் பாதி செருகியிருந்தது. விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து உதட்டில் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். நாலைந்து நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். "வந்துட்டியா? படம் முடிஞ்சுதா?" என்றார். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

கொண்டுவர இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சாயங்காலம் தெளிவாகப் பேசினார், இட்லி கேட்டார், நர்ஸோடு கன்னடத்தில் வம்பளந்தார். மெதுவாகக் கேட்டேன்.

"ஏம்ப்பா அவ்ளோ தூரம் போன?"

"இன்னாமா கேக்கிற? நீதானே கூட்டிகினு போன."

"நானா?"

"போய் உக்காருன்னு சொல்லிட்டு முன்னாடி நடந்தியே. எத்தினி வாட்டி கூப்பிட்டேன், திரும்பவே இல்ல. முதுகுதான் தெரிஞ்சுது. வழியில ரெண்டு எடத்துல உக்காரப் போனேன். அங்க வேணாம், தள்ளிப் போன்னு கைய காட்டின. அப்புறம் அந்தச் செவுத்தாண்ட கைய காட்டின, உக்காந்தேன்."

எந்தக் கை என்று நான் கேட்கவில்லை. அவரே தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

சர்க்கரை குறைந்தால் இல்லாதது எல்லாம் தெரியும் என்று டாக்டர் சொன்னார். சரி. என்றைக்கோ சின்ன வயதில் பார்த்த இடம் மனதில் தங்கியிருக்கும் என்று நவ்யா சொன்னாள். அதையும் சரி என்றே வைத்துக்கொள்கிறேன். கர்த்தர் உன் கையில் வழி காட்டினார் என்று டேவிட் அண்ணன் சொன்னார், ஊரும் அதையே சொல்லி என்னைக் கொண்டாடியது. நானும் இரண்டு நாள் அந்த நினைப்பில்தான் இருந்தேன், என் படம் அப்பாவைக் காப்பாற்றியது என்று. மூன்றாம் நாள்தான் எதிர்வரிசையில் இருக்கும் மளிகைக் கடைக் கேமராவில் அவர் போனதைப் பார்த்தேன். பத்து மணிக்கு நாலு நிமிஷம் கழித்து கேட்டைத் திறந்து வெளியே வருகிறார். யாரோ சொன்னதற்குச் சரி என்பதுபோல் தலையாட்டுகிறார். பிறகு நடக்கிறார், யாருடைய வேகத்துக்கோ ஈடு கொடுக்கிற மாதிரி விசுவிசுவென்று. முன்னால் யாரும் இல்லை.

பத்து மணிக்கு நாலு நிமிஷம் கழித்துத்தான் அவர் வீட்டை விட்டே இறங்குகிறார் என்றால், அதற்கு முன்னால் நான் ஏன் அவரை அங்கே உட்கார வைத்தேன்? நாங்கள் வரைகிற மென்பொருள் ஒவ்வொரு தீற்றலையும் தானாகவே பதிவு செய்துகொள்ளும். அதைத் திறந்து பார்த்தேன், பார்த்திருக்கவே கூடாது. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு ஒரு நிற்கிற ஆளை மேட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். பிடிக்காமல் அழித்திருக்கிறேன். கொஞ்சம் தள்ளி மறுபடி வைத்திருக்கிறேன், அதையும் அழித்திருக்கிறேன். மூன்றாவது தரம் சுவருக்கு அடியில், உட்கார்ந்தபடி. சரியான இடம் கிடைக்கிற வரைக்கும் ஆளை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பது எங்கள் வழக்கம்தான். இரண்டு இடத்தில் வேண்டாம் என்றேனாம், மூன்றாவது இடத்தில் உட்காரச் சொன்னேனாம்.

அப்பாவைத் தேடித் தந்தது என் படமா, இல்லை அவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்ததே என் படமா? இதை நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. உங்களிடம்தான் கேட்கிறேன்.

அன்றிலிருந்து என் படங்களில் ஆள் கிடையாது. எவ்வளவு பெரிய கோட்டையாக இருந்தாலும் காலியாகத்தான் இருக்கும். அளவு தெரியவில்லை என்று நவ்யா சண்டை போடுவாள், ஒரு கதவை வைத்தோ வண்டியை வைத்தோ சமாளித்துவிடுவேன். அப்பா நன்றாக இருக்கிறார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவர் பிறகு பேசியதே இல்லை, யாராவது கேட்டாலும் மயக்கத்தில் போயிருப்பேன் என்று முடித்துவிடுவார். எல்லாம் அடங்கிவிட்டது என்றுதான் இருந்தேன். போன மாதம் ஒரு வேலை வந்தது, பனிமலைக் கணவாய், நடுவில் ஒரு மனிதன் கட்டாயம் வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். பட்டப்பகல், பதினோரு மணி. அப்பா வயிறாரச் சாப்பிட்டுவிட்டு முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன், சின்ன பிரஷ்ஷைத் தேர்ந்தெடுத்தேன், பேனாவைத் தூக்கினேன். இன்னும் வரைபலகையில் வைக்கக்கூட இல்லை. வெளியே டிவி சத்தம் நின்றது.

கதவு திறந்தது. அப்பா ஸ்வெட்டர் மாட்டி, மப்ளர் சுற்றி, செருப்புப் போட்டுக்கொண்டு நின்றார். கண் தெளிவாக இருந்தது. மார்க்கெட்டுக்குப் போகிறவர் பை எங்கே என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்.

"இன்னிக்கு எந்தப் பக்கம்மா?"

"எங்கயும் இல்லப்பா, நீ போய்..." என்று ஆரம்பித்தவள் அடுத்த வார்த்தை வெளியே வருவதற்குள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். மீதியையும் நான் சொல்வேன் என்று அவர் காத்துக்கொண்டு நின்றார்.